புழுவையும் இலையையும் ஒரே தாளில் வரைந்தவர்

நேயர்களுக்கு வணக்கம். 1699-இல், 52 வயதில், தன் ஓவியங்களை விற்றுப் பணம் சேர்த்து, இளைய மகளோடு ஆம்ஸ்டர்டாமிலிருந்து தென் அமெரிக்காவின் சுரினாமுக்குக் கப்பலேறினார் ஒரு பெண். பூச்சிகளைப் பார்த்து வரைவதற்காக. அவர்தான் மரியா சிபில்லா மெரியன்.

ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் 1647-இல் பிறந்தவர். அம்மாவின் இரண்டாவது கணவர் பூக்களை வரையும் ஓவியர் என்பதால், தூரிகை சிறு வயதிலேயே கைக்கு வந்துவிட்டது. 13 வயதில் பட்டுப்புழு வளர்த்தார். சேற்றிலிருந்தும் அழுகலிலிருந்தும் பூச்சிகள் தானாகவே உண்டாகின்றன என்று பலர் நம்பிய காலம் அது. இவரோ புழுவைப் பிடித்து வந்து, அது தின்கிற இலையைப் போட்டு வளர்த்து, கூடு கட்டுவதையும் சிறகு முளைத்து வெளிவருவதையும் கண்ணால் பார்த்தார். முட்டை, புழு, கூடு, பூச்சி, அது வாழும் செடி எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவந்தார். அவருடைய பெரிய சாதனை என்று நான் நினைப்பது இதைத்தான். அப்புறம் திருமணம், இரண்டு மகள்கள், கணவரைப் பிரிந்தது எல்லாம் நடந்தன. வரைவது மட்டும் நிற்கவில்லை.

சுரினாமின் வெக்கையில் உடம்பு முடியாமல் போய் 1701-இல் திரும்பினார். 1705-இல் 60 படங்களோடு அவருடைய நூல் வந்தது. அதில் ஒரு கொய்யாக் கிளை. இலைகளை எறும்புகள் அரித்துச் சல்லடையாக்கியிருக்கின்றன. கீழே ஒரு பெரிய சிலந்தி, மல்லாந்து கிடக்கும் தேன்சிட்டு போன்ற குட்டிப் பறவையைப் பிடித்திருக்கிறது. இது வெறும் கற்பனை என்று பின்னால் சிலர் ஏளனம் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஹென்றி பேட்ஸ் அமேசான் பகுதியில் பறவையைப் பிடித்த சிலந்தியை நேரிலேயே பார்த்து எழுதினார்.

நம் ஊர்த் தோட்டங்களில் பூக்கும் மயில்கொன்றையும் அந்த நூலில் இருக்கிறது. சுரினாம் அப்போது டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. அங்கே டச்சு முதலாளிகளின் கொடுமை தாங்காத அடிமைப் பெண்கள், தங்கள் பிள்ளைகளும் அடிமையாகக் கூடாது என்று அதன் விதையால் கருவைக் கலைத்தார்கள். இதை அவர்களே தன்னிடம் சொன்னதாக மெரியன் எழுதுகிறார். பூச்சிகளைப் பற்றிய நூலில் இதை விட்டிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. எழுதினார் பாருங்கள், அதற்காகவே அவர்மீது எனக்குத் தனி மதிப்பு.

ஆனால் அவருக்குச் செடிகளையும் புழுக்களையும் தேடிக் கொடுத்தவர்களும் அடிமைகள்தான். ஒரு பூர்வகுடிப் பெண்ணை ஆம்ஸ்டர்டாமுக்கே உடன் அழைத்துப் போனார். அவர்களில் ஒருவருடைய பெயர்கூட அந்த நூலில் இல்லை. அது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

வணக்கம்.