வால்வு எங்கே இருக்கிறது?

வணக்கம் நேயர்களே. நான் திருச்சிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் துறையில் பாடம் நடத்துகிறேன். எங்கள் மாணவர்கள் கல்லூரி வளாகத்தை வரைபடமாக்கிய வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு குழாய் உடைந்ததில்தான் அது தொடங்கியது.

தேர்வுக் காலம். விடியற்காலையில் விடுதிக்குப் போகும் மெயின் குழாய் உடைந்துவிட்டது. வால்வை மூடினால் போதும். ஆனால் வால்வு எங்கே? எங்கள் பிளம்பர் அண்ணன், தன் மகளின் வளைகாப்புக்காக ஊருக்குப் போயிருந்தார். போனில் சொன்னார்: “வேப்பமரத்துலேருந்து கெழக்கால நாலு எட்டு வைங்க சார், மண்ணுக்குள்ள மூடி இருக்கும்.” அந்த மரத்தை வெட்டி ஆறு மாதம் ஆகியிருந்தது. தொட்டி காலியாகும் வரை தண்ணீர் ஓடியது. அலுவலகத்தில் இருந்த வரைபடம் கட்டடம் எழும்புவதற்கு முன் போட்டது; அதில் காட்டியபடி எந்தக் குழாயும் போகவில்லை.

அடுத்த பருவத்தில் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு இதையே புராஜெக்டாகக் கொடுத்தேன். ஜிஐஎஸ் என்கிற புவியியல் தகவல் அமைப்பில், படத்தில் வைக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் அட்டவணையில் ஒரு வரி உண்டு. வால்வு ஒரு புள்ளி. அதன் விட்டம், ஆழம், எந்தக் கட்டடத்துக்குத் தண்ணீரை நிறுத்தும் என்பதெல்லாம் அந்த வரியில் வரும். மென்பொருளுக்குக் காசு வேண்டாம்; 2002-ல் தொடங்கப்பட்ட கியூஜிஐஎஸ் இலவசமாகவே கிடைக்கிறது.

பிள்ளைகள் முதல் நாள் செல்போனோடு கிளம்பினார்கள். திறந்த வெளியிலேயே செல்போன் ஜிபிஎஸ் நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டும். மரத்தடியிலும் சுவரோரத்திலும் இன்னும் மோசம். இரண்டு வால்வுகள் ஒரு மீட்டர் இடைவெளியில் இருந்தால் எது எது என்றே தெரியாது. சரி, டேப்பை எடுங்கள் என்றேன். கட்டடத்தின் இரண்டு மூலைகளிலிருந்து வால்வுக்கு எவ்வளவு தூரம் என்று அளக்க வேண்டும். அந்தத் தூரங்களை ஆரமாக வைத்து இரண்டு வட்டம் போட்டால், அவை இரண்டு இடங்களில் வெட்டும்; அதில் நாம் நிற்கும் பக்கத்தில் இருப்பதுதான் வால்வு. 1802-ல் சென்னை பரங்கிமலை அருகே ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்ப்டன் இந்திய நில அளவைக்கு ஆதாரமான அடிக்கோட்டை, ஏறக்குறைய 12 கிலோமீட்டரை, 100 அடிச் சங்கிலியால்தான் அளந்தார். பூமியில் கைவைத்து அளப்பதற்கு இன்றைக்கும் மாற்று இல்லை என்பது என் எண்ணம்.

ஒரு குழு அளந்ததையெல்லாம் கணினியில் ஏற்றியதும் கல்லூரி அரபிக் கடலுக்குள் போய் நின்றது. காரணம் இதுதான். மீட்டரில் அளக்க உலகை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மீட்டர் கணக்கைத் தனித்தனியாகத் தொடங்குகிறார்கள். அப்படிப் பிரிக்கும் 78 பாகைக் கிழக்குத் தீர்க்கக்கோடு தமிழ்நாட்டின் நடுவே போகிறது. கோவையும் நெல்லையும் 43-ஆம் மண்டலம், திருச்சியும் சென்னையும் 44. பிள்ளைகள் 43 என்று கொடுத்துவிட்டார்கள். எல்லாம் 600 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே நகர்ந்துவிட்டது. பத்து வகுப்பெடுத்தாலும் பதியாத பாடம் அன்று ஒரே நாளில் பதிந்தது.

ஆனால் இந்த வேலையின் உயிர் பிளம்பர் அண்ணனிடம் இருந்தது. மூன்று சனிக்கிழமைகள் பிள்ளைகளோடு நடந்தார். எந்த வால்வு பாதிதான் மூடும், எங்கே இரும்புக் குழாய் பிளாஸ்டிக்காக மாறுகிறது, எந்த மூடிக்கு மேல் சிமெண்ட் பூசிவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு மாணவி எல்லாவற்றையும் அவர் சொன்ன சொல்லிலேயே குறிப்புப் பத்தியில் எழுதினாள். அதைத் திருத்தி எழுத நான் விடவில்லை. அப்புறம் எலெக்ட்ரீஷியனும் தோட்டக்காரம்மாவும் சேர்ந்துகொண்டார்கள்.

குழாயோடு சாய்தளங்களையும் அளந்தார்கள். சக்கர நாற்காலிக்கு ஓர் அடி உயர 12 அடி நீளம் வேண்டும். நூலகத்தின் சாய்தளம் ஏழடிதான் இருந்தது. அந்த ஒரு வரியைக் காட்டித்தான் அதை இடித்துக் கட்டச் சொல்லிக் கேட்டோம், கட்டினார்கள்.

இப்போது ஒவ்வொரு ஜூனிலும் புது மாணவர்கள் வளாகத்தைச் சுற்றி வந்து மாறியதைத் திருத்துகிறார்கள். பிளம்பர் அண்ணன் வருகிற சித்திரையில் ஓய்வு பெறுகிறார். போன சுற்றில் கேன்டீனுக்குப் பின்னால் நின்று, “இங்கே ஒரு பழைய லைன் போச்சு, எங்கே முடியுதுன்னு எனக்கே தெரியாது” என்றார். அதைப் பிள்ளைகள் படத்தில் துண்டு துண்டான கோடாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். அடுத்த வாரம் தோண்டிப் பார்க்கப் போகிறோம். வணக்கம்.