மூக்கின் ஈரம்

நடுவர் அவர்களே, அவையில் இருக்கும் பெரியவர்களே, வணக்கம். "மாடு கன்றைக் காப்பதில் விஞ்சி நிற்பது முன்னோர் பக்குவமா, நவீன மருத்துவமா?" முன்னோர் பக்குவமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் இரண்டு சாட்சி வைத்தார். ஒன்று, வெக்கை நோய். ஊர் ஊராக மாடுகளை வாரிக்கொண்டு போன அந்த நோய் உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 2011-ல் அறிவித்தார்கள், ஒழித்தது தடுப்பூசி. சரி, ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்று, நஞ்சுக்கொடி விழும்வரை கன்றைச் சீம்பால் குடிக்க விடாத வழக்கம். அதுவும் தவறுதான். பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போனால்தான் கன்றுக்கு எதிர்ப்புச் சக்தி. நோய் கண்ட மாட்டுக்குச் சூடு போட்டதையும் நானே சேர்த்துச் சொல்கிறேன். அந்த வாயில்லா ஜீவன் பட்ட வேதனைக்கு யாரும் வக்காலத்து வாங்க முடியாது.

ஆனால் இவற்றைக் காட்டி, தொழுவத்தில் இருந்த அத்தனையும் மூடநம்பிக்கை என்றாரே, அங்கேதான் என் மனம் ஆறவில்லை.

என் பாட்டி விடிகாலையில் தொழுவத்துக்குள் போனதும் முதலில் மாட்டின் மூக்கைத்தான் தொட்டுப் பார்ப்பார். முத்து முத்தாக ஈரம் இருந்தால் அடுத்த மாட்டுக்கு நகர்வார். காய்ந்திருந்தால் நின்றுவிடுவார். காதடியில் கை வைப்பார், சாணியைப் பார்ப்பார், அசைபோடுகிறதா என்று காத்திருப்பார். மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பதே அந்தக் கை சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

மடிநோய்க்கு வருகிறேன். சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைக்கும்போதே சுண்ணாம்பு பட்டு மஞ்சள் செக்கச்செவேலென்று ஆகிவிடும். கெட்ட பாலைப் பீய்ச்சி எடுத்து, மடியைக் கழுவி, அந்த விழுதை நாளுக்குப் பல தடவை பூச வேண்டும். இதைத் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமே இன்று விவசாயிகளுக்குச் சொல்லித் தருகிறது.

அப்புறம் அந்த நஞ்சுக்கொடி. வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவார்கள். பால் வடியும் மரத்தில் கட்டினால் மடியில் பால் பெருகும் என்பது நம்பிக்கை. அதனால் பால் பெருகாது, நடுவர் அவர்களே. ஆனால் அதைக் கட்ட வேண்டுமே என்றுதான், கொடி முழுதாக விழுந்ததா என்று பார்க்க வீட்டில் ஒருவர் இரவெல்லாம் கண்விழித்தார். நாய் இழுத்துப் போகவில்லை, மாடும் தின்னவில்லை. கொடி உள்ளே தங்கிவிட்டால் விடிவதற்குள் தெரிந்துவிட்டது. அந்த நம்பிக்கையை எடுத்துவிடச் சொல்கிறார்கள். எடுத்துவிடலாம். லாந்தர் வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த அந்த ஆளின் இடத்தில் யாரை உட்கார வைப்பார்கள்? எதிரணியினர் அதற்குப் பதில் சொல்லட்டும்.