வாசலில் நிற்கும் சாம்பல் தொட்டி

நேயர்களுக்கு வணக்கம். பொதுக் கட்டடங்களில் புகைபிடிக்க இடம் ஒதுக்குவது பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். கட்டடங்களுக்குள் காற்று எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று பார்ப்பது என் தொழில். புகை கெடுதல் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. அது எந்தப் பக்கம் போகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

ஓர் அலுவலகத்துக்குள் நுழையும்போது என் கண் முதலில் தேடுவது சாம்பல் தொட்டியைத்தான். 'இங்கே புகைபிடிக்காதீர்கள்' என்று பலகை மாட்டியிருக்கும். அதற்கு நேர் கீழே, கதவை ஒட்டி, மணல் போட்ட தொட்டி. வைத்தவரின் எண்ணம் நல்ல எண்ணம்தான்: உள்ளே போகுமுன் அணைத்துவிட்டுப் போகட்டும். ஆனால் தொட்டி இருக்கிற இடத்தில்தான் ஆள் நிற்பார். மிச்சமிருப்பதை நிதானமாக இழுத்து முடித்துவிட்டுத்தான் போடுவார். அதற்குள் இன்னொருவர் வந்து பற்றவைத்துவிடுவார். ஒரே வாரத்தில், யாரும் ஒதுக்காமலே, அதுதான் புகைக்கும் இடம்.

காற்றுக் கணக்கில் பார்த்தால் வாசல் மிக மோசமான இடம். கழிப்பறை எக்ஸாஸ்ட் ஃபேன்கள் நாள் முழுக்கக் காற்றை வெளியே தள்ளுகின்றன. தள்ளிய அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். அதற்கென்று தனி வழி சரியாக வைக்காத கட்டடத்தில், கதவு திறக்கும்போதெல்லாம் வாசல்தான் மூச்சை இழுக்கிறது. அங்கே நின்று ஊதினால் புகை வரவேற்பறைக்குள் தானாகவே போய்விடும்.

சரி, மொட்டை மாடிக்கு அனுப்பலாமே என்பார்கள். பெரிய கட்டடங்களில் ஏசிக்கு வெளிக்காற்றை இழுக்கும் துவாரம் பல சமயம் அங்கேதான் இருக்கிறது. அதன் பக்கத்தில் இரண்டு பேர் நின்று பேசிக்கொண்டிருந்தால், கீழே எந்த மாடியில் யார் மூக்கைப் பிடிப்பார் என்று சொல்ல முடியாது. நடுமுற்றம்? நாலு பக்கமும் சுவர் சூழ்ந்த இடம் கிணறு மாதிரி. புகை மேலே ஏறிக் கலையுமுன் ஜன்னல்களைத் தேடிப்போகும். அமெரிக்காவில் 1997-ல் அதிபர் கிளிண்டனின் உத்தரவு மத்திய அரசுக் கட்டடங்களுக்குள் புகைபிடிப்பதைத் தடுத்தபோது, புகைக்க ஒதுக்கிய தனி அறைகளுக்கு விலக்கு கொடுத்தது. 2008-ல் அந்த அரசுக் கட்டடங்களை நிர்வகிக்கும் அமைப்பு வெளியிட்ட விதி அந்த விலக்கையும் எடுத்துவிட்டது. நடுமுற்றத்திலும் கூடாது, கதவுக்கும் காற்றுத் துவாரத்துக்கும் 25 அடிக்குள்ளும் கூடாது என்றது. துவாரத்தையும் சேர்த்து எழுதியவர் என் தொழில்காரராக இருக்கவேண்டும்!

தனி அறை ஏன் போதாது? கதவைத் திறந்து வெளியே வருகிற ஒவ்வொருவரும் கொஞ்சம் புகையையும் கூடவே இழுத்துவருகிறார். ஜப்பானில் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்: அறை வாசலில் காற்று வினாடிக்கு 0.2 மீட்டர் வேகத்திலாவது உள்நோக்கி ஓட வேண்டும். நல்ல விதி. ஆனால் விசிறியின் ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அதை யார் அளக்கப்போகிறார்கள்? உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 2007 வழிகாட்டுதல், காற்றோட்டத்தையும் தனி அறையையும் தீர்வாக ஏற்கவே இல்லை. கூரைக்குக் கீழே வேண்டாம் என்பதுதான் என் முடிவும்.

திறந்த வெளிக்கு வருவோம். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2007-ல் வெளியிட்ட அளவீடு எனக்குப் பிடித்தது. எரிகிற சிகரெட்டுக்கு மிக அருகே, காற்றடிக்கும் திசையில் உட்கார்ந்தால், வெளியிலும் வீட்டுக்குள் இருப்பதற்கு ஒப்பான புகை. 2 மீட்டர் தள்ளிப்போனால் பெரும்பாலும் ஒன்றுமில்லை. அணைத்தவுடன் சட்டென்று இறங்கிவிடுகிறது. தூரம் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் அது ஓரிரு சிகரெட்டுக்கான கணக்கு. இடைவேளையில் பத்துப் பேர் கூடும் இடத்துக்கு அந்த 2 மீட்டரை வைத்து வரைபடம் போடக்கூடாது.

ஜப்பானில் 2019 ஜூலையிலிருந்து பள்ளி, மருத்துவமனை, அரசு அலுவலகக் கட்டடங்களுக்குள் புகைபிடிக்க முடியாது. வெளியே இடம் ஒதுக்கலாம். ஆனால் எல்லை தெரிய வேண்டும், பலகை இருக்க வேண்டும், வந்துபோகிறவர்கள் வழக்கமாகப் போகாத இடமாக இருக்க வேண்டும். இந்த மூன்றாவதுதான் உயிர். நான் பார்த்த ஒரு வளாகத்தில் புகைக்கும் இடத்துக்கு அழகான கூரை போட்டிருந்தார்கள். வளாகத்தில் இருந்த ஒரே கூரையும் அதுதான். மழை வந்ததும் கைக்குழந்தையோடு வந்தவர்கள் உட்பட எல்லாரும் அங்கேதான் ஒதுங்கினார்கள். அதைச் சுத்தம் செய்த அம்மா ஒரு சுற்றுக்கு அரைமணி நேரம் அதற்குள் நின்றார். அவரை எந்தத் திட்டத்திலும் யாரும் எண்ணவில்லை.

அதற்காக இடமே ஒதுக்கவேண்டாமா? எங்கேயும் கூடாது என்று சொல்லிவிட்டுப் பார்க்காமல் விட்ட கட்டடங்களில் படிக்கட்டுத் திருப்பத்தில்தான் சிகரெட் துண்டுகளைப் பொறுக்கியிருக்கிறேன். சுற்றிலும் நிலம் இருந்தால் தள்ளி ஓர் இடம் கொடுப்பதே மேல். இல்லையென்றால் கொடுக்காதீர்கள், இருக்கிற இடத்துக்குள் புகைக்க ஓர் இடம் ஒதுக்கியே தீரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இடம் பார்க்கும்போது நான் ஒரு முழ நூலைக் கதவு நிலையில் கட்டித் தொங்கவிடுவேன். காலையில் ஒரு முறை, கூட்ட நேரத்தில் ஒரு முறை, காற்றின் திசை மாறும்போது இன்னொரு முறை பார்ப்பேன். நூல் உள்பக்கம் சாய்ந்தால், தொட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னும் தள்ளி நடக்க வேண்டியதுதான். வணக்கம்.