சவ்வைக் கடக்கும் வழிகள்

வானொலி நேயர்களுக்கு என் வணக்கம். உயிரணுவைச் சூழ்ந்திருக்கும் மெல்லிய உறையான சவ்வைப் பொருள்கள் எப்படிக் கடக்கின்றன, இரத்தப் புற்றுநோய் மருந்துகளுக்கு அது ஏன் முக்கியம் என்பதே இன்றைய பேச்சு. ஓர் ஏரியிலிருந்து தொடங்குகிறேன்.

சுவிட்சர்லாந்தின் தென்பகுதியில், டிசினோ மாநிலத்தைச் சேர்ந்த பியோரா பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து 1921 மீட்டர் உயரத்தில் கடாக்னோ என்றொரு சிறிய ஏரி இருக்கிறது. அதன் ஆழம் ஏறத்தாழ 21 மீட்டர்தான். ஆனாலும் அதன் மேல்நீரும் அடிநீரும் ஆண்டு முழுவதும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஏரியின் அடியில் ஊறும் நீரூற்றுகள் ஜிப்சம் கலந்த பாறைகளின் வழியே வருவதால் உப்புகளைச் சுமந்துகொண்டு வருகின்றன. கனத்த அந்த நீர் கீழேயே தங்கிவிடுகிறது. அங்கே ஆக்சிஜன் இல்லை. அழுகிய முட்டையின் நாற்றம் கொண்ட ஹைட்ரஜன் சல்ஃபைடு நிறைந்திருக்கிறது. இரண்டு நீரும் சந்திக்கும் இடத்தில், அதாவது 10 முதல் 14 மீட்டர் வரையிலான ஆழத்தில் குழாய் விட்டு நீரை மேலே எடுத்தால், அது இளஞ்சிவப்பாக இருக்கும்.

அந்த நிறம் ஊதாக் கந்தக பாக்டீரியாக்களுடையது. அவையும் ஒளிச்சேர்க்கை செய்கின்றன. ஆனால் தாவரங்களைப் போலத் தண்ணீரைப் பிளந்து ஆக்சிஜனை வெளியிடுவதில்லை. தண்ணீருக்குப் பதிலாக ஹைட்ரஜன் சல்ஃபைடிலிருந்து எலக்ட்ரான்களை எடுத்துக்கொண்டு, மிஞ்சும் கந்தகத்தைத் தம் உடலுக்குள்ளேயே சிறு உருண்டைகளாகச் சேர்த்து வைக்கின்றன. மேலிருந்து ஒளியும் கீழிருந்து சல்ஃபைடும் வரவேண்டும் என்பதால், இரண்டும் எட்டும் அந்த மெல்லிய அடுக்கைத் தவிர வேறெங்கும் அவற்றுக்குப் பிழைப்பு இல்லை. குரோமேட்டியம் ஓகெனி என்ற இனம் அங்கே எண்ணிக்கையில் மிகச் சிறுபான்மை. மொத்த உயிரணுக்களில் அது 0.3 விழுக்காடு அளவே இருந்தபோதிலும், அந்த அடுக்கில் உள்வாங்கப்படும் கார்பனில் சுமார் 70 விழுக்காட்டை அதுவே உள்வாங்குகிறது என்று 2008-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தலைகளை எண்ணி ஒரு சமூகத்தின் உழைப்பை அளந்துவிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

இந்த உழைப்பு நடக்கும் இடம் பாக்டீரியாவின் சவ்வு. ஒளி பட்டதும் சவ்வில் பதிந்துள்ள வினைமையம் என்ற புரதத்திலிருந்து எலக்ட்ரான் கிளம்பிச் சுற்றிவருகிறது. அந்தச் சுற்றின் விசையால் புரோட்டான்கள் சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தள்ளப்படுகின்றன. ஒரு பக்கம் மிகுந்தும் மறுபக்கம் குறைந்தும் இருக்கும் அந்த ஏற்றத்தாழ்வுதான் உயிரணுவின் கையிருப்பு ஆற்றல். புரோட்டான்கள் திரும்பி வரும்போது, உயிரணு தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி. உருவாகிறது. இந்தக் கருத்தைப் பீட்டர் மிட்செல் 1961-இல் முன்வைத்தபோது பலர் ஏற்கவில்லை. 1978-இல் அதற்காகவே அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஒரு புரதத்தின் வடிவத்தை நுணுக்கமாகக் காண அன்று அதைப் படிகமாக்க வேண்டியிருந்தது. சவ்வுக்குள் புதைந்திருக்கும் புரதங்களைப் படிகமாக்கவே முடியாது என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்தது. அவை கொழுப்பில் வாழ்பவை. அங்கிருந்து பிரித்தெடுத்தால் உருக்குலைந்துவிடும். ஜெர்மனியில் ஹார்ட்முட் மிஷேல், சோப்பு போன்ற சேர்மங்களால் அவற்றைச் சுற்றிப் பொதிந்து, ஓர் ஊதா பாக்டீரியாவின் வினைமையத்தைப் படிகமாக்கினார். 1985-இல் யோகன் டைசன்ஹோஃபர், ராபர்ட் ஹூபர் ஆகியோருடன் சேர்ந்து அதன் வடிவத்தை அணு அளவு நுணுக்கத்தில் வெளியிட்டார். சவ்வுப் புரதம் ஒன்று அவ்வளவு தெளிவாகப் பார்க்கப்பட்டது அதுவே முதல்முறை. மூவருக்கும் 1988-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று அன்று யாரேனும் கேட்டிருந்தால், நேரடியாக ஒன்றுமில்லை என்பதே நேர்மையான பதிலாக இருந்திருக்கும்.

இனி இரத்தப் புற்றுநோய்க்கு வருகிறேன். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், கடுமையான இரத்தப் புற்றுநோய் கண்ட 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்து, 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948 ஜூனில் அறிவித்தார். அந்த மருந்தைத் தயாரித்தது லெடர்லி ஆய்வகத்தில் எல்லாப்பிரகடா சுப்பாராவ் தலைமையில் இயங்கிய குழு. பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1923-இல் அமெரிக்கா சென்ற சுப்பாராவ், அந்த அறிவிப்பு வந்த இரண்டே மாதங்களில் காலமானார். அமினோப்டெரினுக்கு நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் முக்கிய இடம் வகிக்கிறது.

மெத்தோட்ரெக்சேட் பார்வைக்கு ஃபோலேட் என்ற உயிர்ச்சத்தைப் போலவே இருக்கும். ஃபோலேட் இல்லாமல் உயிரணு புதிய டி.என்.ஏ.வை உருவாக்க முடியாது. மருந்து ஃபோலேட்டின் வேலையைத் தடுத்துவிடுகிறது. ஆனால் தடுப்பதற்கு முதலில் உள்ளே போக வேண்டும். மின்னேற்றம் கொண்ட இந்த மூலக்கூறால் கொழுப்பாலான சவ்வைத் தானாக எளிதில் கடக்க முடியாது. பல பாக்டீரியாக்கள் தமக்கு வேண்டிய ஃபோலேட்டைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. மனித உயிரணுக்களோ அதை வெளியிலிருந்து பெற்றாக வேண்டும் என்பதால் அதற்கென்றே சவ்வில் ஒரு கடத்திப் புரதத்தை வைத்திருக்கின்றன. மருந்து அந்த வழியிலேயே நுழைகிறது.

1962-இல் ஃபிஷர் என்ற ஆய்வாளர், மருந்துக்குக் கட்டுப்படாத எலிப் புற்றணுக்களில் மருந்தை உள்ளே கொண்டுசெல்லும் திறன் பழுதுபட்டிருப்பதைக் கண்டார். 1968-இல் டேவிட் கோல்ட்மனும் அவருடைய தோழர்களும் அந்தக் கடத்தலின் இயல்புகளை விரிவாக அளந்தார்கள். இந்தக் கடத்தி ஏ.டி.பி.யை நேரடியாகச் செலவழிப்பதில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. உயிரணுவுக்குள் மிகுந்திருக்கும் கரிம பாஸ்பேட்டுகளை வெளியே விட்டு, அதற்கு ஈடாக ஃபோலேட்டை உள்ளே எடுக்கும் பண்டமாற்று அது. சவ்வின் இருபுறமும் உள்ள ஏற்றத்தாழ்வே இங்கும் வேலையைச் செய்கிறது. கடாக்னோ ஏரியில் அந்த ஏற்றத்தாழ்வைச் சூரியன் உண்டாக்குகிறது. இரத்த அணுக்கள் பிறக்கும் எலும்பு மஜ்ஜையில் அதை நாம் உண்ணும் உணவு உண்டாக்குகிறது. 2022-இல் மனிதக் கடத்தியின் வடிவமும் வெளியாயிற்று. அதற்குப் படிகம் தேவைப்படவில்லை. உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி போதுமானதாக இருந்தது.

இந்தக் கடத்திக்கான மரபணு 21-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்பதை மருத்துவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். சில குழந்தைகளின் புற்றணுக்களில் குரோமோசோம்களின் எண்ணிக்கை 50-ஐத் தாண்டியிருக்கும். கூடுதலாக இருப்பவற்றில் 21-ஆம் குரோமோசோம் பெரும்பாலும் இடம்பெறும். அத்தகைய புற்றணுக்கள் மெத்தோட்ரெக்சேட்டை மிகுதியாகச் சேர்த்துக்கொள்கின்றன. அக்குழந்தைகள் நன்றாகத் தேறிவருவதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்கு உடல் முழுவதிலும் அந்தக் குரோமோசோம் மூன்று இருக்கிறது. அவர்களுக்கு இதே மருந்தின் நச்சு விளைவுகள் மற்றவர்களைவிடக் கடுமையாக வருகின்றன.

உள்ளே வரும் வழி ஒன்றென்றால், வெளியே தள்ளும் வழி இன்னொன்று. 1976-இல் டொராண்டோவில் ருடால்ஃப் ஜூலியானோவும் விக்டர் லிங்கும், பல மருந்துகளுக்கு ஒரே நேரத்தில் கட்டுப்படாத உயிரணுக்களின் சவ்வில் பி-கிளைக்கோபுரதம் என்ற ஒன்றைக் கண்டறிந்தார்கள். ஏ.டி.பி.யைச் செலவழித்து மருந்தை வெளியேற்றும் பம்பு அது. டானோரூபிசின் போன்ற இரத்தப் புற்றுநோய் மருந்துகள் இதற்கு இரையாகின்றன. 1986-இல் அதன் அமினோ அமில வரிசை தெரிந்தபோது, பாக்டீரியாக்களின் கடத்திப் புரதங்களோடு அது பெரிதும் ஒத்திருந்தது. பொருள்களைச் சவ்வின் குறுக்கே கொண்டுசெல்ல பாக்டீரியாக்கள் மிகப் பழங்காலத்திலிருந்தே பயன்படுத்திவரும் அமைப்பு, புற்றணுவின் கையில் மருந்துக்கு எதிரான கருவியாகியிருக்கிறது.

அந்தப் பம்பை அடைத்துவிட்டால் மருந்து உள்ளேயே தங்கும் அல்லவா? அந்த எண்ணத்தில் வால்ஸ்போடார், சோசுகிடார் முதலிய தடுப்பு மருந்துகள் பெரிய ஆய்வுகளில் பரிசோதிக்கப்பட்டன. எதிர்பார்த்த பலன் பொதுவாகக் கிட்டவில்லை. இதே பம்பு குடலிலும் கல்லீரலிலும் மூளையைக் காக்கும் இரத்தக் குழாய்ச் சுவரிலும் இருந்து, நச்சுப் பொருள்களை அன்றாடம் வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. அதைத் தடுத்தபோது உடலால் புற்றுநோய் மருந்தை வழக்கம்போல் கழிக்க முடியாமல் போயிற்று. சில ஆய்வுகளில் மருந்தின் அளவையே குறைக்க வேண்டி வந்தது. தவிர, புற்றணுவிடம் வெளியேற்றும் பம்பு இது ஒன்று மட்டும் இல்லை. ஒன்றை அடைத்தால் மற்றொன்று திறந்திருக்கிறது. எந்த நோயாளியின் புற்றணுவில் எந்தப் பம்பு இயங்குகிறது என்பதை முன்கூட்டியே அளந்து, அதற்கேற்ப மருந்தைத் தேர்ந்தெடுப்பதே முறையான வழி என்பது என் கருத்து.

நன்றி, வணக்கம்.