புரதத்துக்கு வழி சொல்வது யார்?

அடுத்த கேள்வி ஏற்காட்டிலிருந்து வந்திருக்கிறது. பிளஸ் டூ படிக்கும் மாணவி. வீட்டைச் சுற்றிக் காப்பித் தோட்டம் என்றும் எழுதியிருக்கிறார். “ஐயா, எல்லாப் புரதங்களையும் ரைபோசோம்தான் செய்கிறது. பிறகு, இன்சுலின் செல்லுக்கு வெளியே போக வேண்டும், இன்னொரு புரதம் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போக வேண்டும் என்பது அவற்றுக்கு எப்படித் தெரியும்? இடம் மாறிப் போய்விட்டால் என்ன ஆகும்?”

முதலில் ‘தெரியும்’ என்ற சொல்லை எடுத்துவிடுவோம், அம்மா. புரதத்துக்கு ஒன்றும் தெரியாது. விலாசம் எழுதிய தபால் என்று இதை விளக்குவது வழக்கம். எனக்கு அந்த உவமையில் நிறைவில்லை. விலாசம் என்றால் படிக்க ஓர் ஆள் வேண்டும். செல்லுக்குள் படிப்பவர் யாருமில்லை. ஒட்டுவதும் நுழைவதும்தான் அங்கே நடக்கிறது.

நான் வளர்ந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டையில். எங்கள் தெருவில் கொலுசுக்கு வெள்ளிக் கம்பி இழுப்பார்கள். கம்பியின் நுனியை மட்டும் அரத்தால் ராவிக் கூராக்குவார்கள். அந்தக் கூர், எஃகுத் தகட்டின் சிறு துளையில் புகுந்து மறுபக்கம் தலை நீட்டும். குறட்டால் கவ்வி இழுத்தால் முழுக் கம்பியும் பின்னாலேயே வந்துவிடும். பிறகு நுனியை நறுக்கி, மறுபடி உருக்கப் போட்டுவிடுவார்கள். கொலுசில் அந்த நுனி இருக்காது. ஆனால் அது இல்லையென்றால் கம்பி துளைக்குள்ளேயே போயிருக்காது.

இன்சுலினுக்கும் அப்படி ஒரு நுனி உண்டு. கணையத்தின் பீட்டா செல்லில் முதலில் உருவாவது 110 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி. அதில் முதல் 24தான் நுனி. அதன் நடுப்பகுதி எண்ணெய்போலத் தண்ணீருடன் சேராதது. ரைபோசோமை விட்டு அது வெளியே வந்ததும், ஓர் ஆர்.என்.ஏ.வும் ஆறு புரதங்களும் சேர்ந்த ஒரு துகள் வந்து பற்றிக்கொள்கிறது. அந்தத் துகளில் ஒரு பள்ளம் இருக்கிறது. அதைச் சுற்றி மெத்தியோனின் அமினோ அமிலங்கள் தூரிகை மயிர்போல வளைந்து கொடுக்கும். அதனால்தான், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இல்லாத பலவகை நுனிகளும் அதில் பொருந்துகின்றன. எண்ணெய்த்தன்மை இருந்தால் போதும். பிடித்ததும் புரத உற்பத்தி மெதுவாகிறது. துகள், ரைபோசோமையும் சேர்த்து, செல்லுக்குள் சவ்வால் ஆன வலைபோன்ற அமைப்பான எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வுக்குக் கொண்டுபோய், அங்குள்ள ஏற்பியில் பொருத்துகிறது. பக்கத்திலேயே துளை. நுனி அதற்குள் புகுந்ததும் உற்பத்தி மீண்டும் வேகமெடுக்கிறது. உள்ளே போன நுனியை ஒரு நொதி நறுக்கிவிடுகிறது.

கம்பிக்கும் இதற்கும் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். கம்பியை ஆள் இழுக்கிறார். இங்கே ரைபோசோம் சங்கிலியை நீட்ட நீட்ட, அதுவே உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. புரதம் செய்து முடிவதற்கு முன்பே பயணம் தொடங்கிவிடுகிறது! பிறகு கோல்கை உறுப்பு வழியாகப் போய், நடுவில் இன்னும் சில துண்டுகள் கழிந்து, இரத்தத்துக்கு வரும்போது இன்சுலினில் இருப்பவை 51 அமினோ அமிலங்கள்.

நுனிதான் வழியைத் தீர்மானிக்கிறது என்பதற்குச் சான்று என்ன என்று நீங்கள் கேட்க வேண்டும். இந்தக் கருத்தை செல் உயிரியலாளர் குந்தர் புளோபெல், டேவிட் சபாட்டினியுடன் சேர்ந்து 1971இல் முன்வைத்தார். 1999இல் புளோபெல்லுக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை 1984இல் வெளிவந்தது. ஹீமோகுளோபினில் உள்ள குளோபின், செல்லின் திரவப் பகுதியான சைட்டோபிளாசத்திலேயே தங்கிவிடும் புரதம். அதன் முன்னால் ஒரு பாக்டீரியப் புரதத்தின் நுனியை ஒட்டவைத்தார்கள். குளோபின் சவ்வைக் கடந்து உள்ளே போய்விட்டது. முதன்முறை இதைப் படித்த அன்று எனக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை.

உங்கள் தோட்டத்துக் காப்பி இலையிலும் இதே கதைதான், கொஞ்சம் மாற்றத்தோடு. கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியில் 8 பெரிய துண்டுகளும் 8 சிறிய துண்டுகளும் உள்ளன. பெரியவற்றைப் பசுங்கணிகம் தானே செய்துகொள்கிறது. சிறியவை வெளியே, சைட்டோபிளாசத்தில் முழுதாக உருவாகி, மடிந்துவிடாமல் துணைப் புரதங்களின் பிடியில் பசுங்கணிகத்துக்கு வந்து, இரண்டு சவ்வுகளைத் தாண்டுகின்றன. இங்கும் வழிகாட்டிய நுனி உள்ளே போனதும் வெட்டப்படுகிறது. உட்கருவுக்குப் போகும் புரதங்களில் அடையாளத் துண்டு வெட்டப்படுவதில்லை. ஏனென்றால், செல் பிரியும்போது உட்கருச் சவ்வு கலைந்து, அவை மறுபடியும் உள்ளே போக வேண்டியிருக்கும்.

இடம் மாறினால்? கல்லீரலில் கிளையாக்சிலேட் என்ற வேதிப்பொருளை மாற்றும் நொதி ஒன்று உண்டு. அது போக வேண்டிய இடம், செல்லுக்குள் சிறு பைபோல இருக்கும் பெராக்சிசோம். அடையாளம் வாலில், கடைசி மூன்று அமினோ அமிலங்களில் இருக்கிறது. சிலருக்கு இந்த நொதியில் இரண்டு இடங்களில் அமினோ அமிலம் மாறியிருக்கும். அதனால் பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய்விடும். நொதிக்கு வேலை செய்யும் திறன் இருக்கிறது, ஆனால் வேலை இருக்கும் இடத்தில் அது இல்லை. கிளையாக்சிலேட் தேங்கி ஆக்சலேட்டாகிறது. சிறு வயதிலேயே சிறுநீரகக் கற்கள் வரலாம். இந்த மாற்றம் உள்ளவர்களில் பலருக்கு மருத்துவர்கள் வைட்டமின் பி6 கொடுக்கிறார்கள். ஆக்சலேட் அளவு குறைகிறது.