தர்ம ஆஸ்பத்திரியும் தவணை பில்லும்

(திரையில்: மருத்துவமனையின் பணம் செலுத்தும் கவுன்டர். ஊழியரின் கைகளும் ரசீதுக் கட்டும் மட்டும் தெரிகின்றன.)

"இன்று எப்படிச் செலுத்த விரும்புகிறீர்கள்?"

மரியாதையான கேள்விதான். ஆனால் 'உங்களால் செலுத்த முடியுமா?' என்பதற்கு இதில் இடமே இல்லை. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் 51 மருத்துவமனைகளை நடத்திவந்த பிராவிடன்ஸ் என்ற இலாப நோக்கற்ற நிறுவனம், தன் ஊழியர்களை இப்படிக் கேட்கப் பழக்கியது. நோயாளி தயங்கினால் பாதித் தொகையாவது கேட்க வேண்டும். அதற்கும் வழியில்லையென்றால் தவணை. ஏழைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு என்ற செய்தி, வேறு வழியே இல்லாதபோதுதான் வாயிலிருந்து வர வேண்டும்.

இந்தத் திட்டத்துக்கு ரெவ்-அப் என்று பெயர். வகுத்துக் கொடுக்க உதவியது மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனம். அதற்குக் கொடுத்த கூலி குறைந்தது நாலரைக் கோடி டாலர் என்று 2022-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. இல்லாதவனிடம் வசூலிக்கும் வித்தையைக் கற்க இவ்வளவு செலவு!

(திரையில்: பழைய கறுப்பு வெள்ளைப் படம். கன்னியாஸ்திரீகள்.)

1856-இல் அமெரிக்காவின் வடமேற்கில் உள்ள வாஷிங்டன் பகுதிக்கு (தலைநகர் அல்ல) வந்திறங்கிய கன்னியாஸ்திரீகள் தொடங்கிய பணிதான் பிராவிடன்ஸ். சுரங்க முகாம்களுக்குப் போய்க் கையேந்தி, அந்தப் பணத்தில் நோயாளிகளைப் பார்த்தவர்கள் அவர்கள்.

அப்படித் தொடங்கிய நிறுவனம் ஏழைகளிடமே வசூலிக்கும் நிலைக்கு எப்படி வந்தது? வரிச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில், வரிவிலக்கு வேண்டுமென்றால் மருத்துவமனை தன் சக்திக்கேற்ப ஏழைகளுக்கு இலவச சிகிச்சை தர வேண்டியிருந்தது. 1969-இல் வரித்துறை இதைத் தளர்த்தி, 'சமூகத்துக்குப் பயன்' இருந்தால் போதும் என்றது. எது பயன், எவ்வளவு பயன்? விடை வழவழவென்று இருந்தது. 2010-இல் வந்த சட்டம், எழுத்துப்பூர்வமான உதவிக் கொள்கை இருக்க வேண்டும், நோயாளி அதற்குத் தகுதியானவரா என்று பார்க்காமல் கடுமையான வசூலில் இறங்கக் கூடாது என்று விதித்தது. ஆனால் இலவச சிகிச்சை இவ்வளவாவது இருக்க வேண்டும் என்று அதுவும் சொல்லவில்லை. கொள்கையை எழுதுவது மருத்துவமனையே.

தனியார் கம்பெனியில் கணக்குக் கேட்கப் பங்குதாரர் இருக்கிறார். இங்கே உரிமையாளர் என்று யாரும் இல்லை. நிர்வாகக் குழு கண்ணை மூடிக்கொண்டால், பொதுமக்கள் சார்பில் கேட்கக்கூடியவர் மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல்தான்.

வாஷிங்டன் மாநிலத்தில் அவர் கேட்டார். அங்கே கேட்பதற்குப் பிடி இருந்தது: இன்ன வருமானத்துக்குக் கீழே இருப்பவருக்கு இலவசம், இன்ன வரம்பு வரை சலுகை என்று மாநிலச் சட்டமே கோடு போட்டிருந்தது. வரிச் சட்டத்தின் வழவழப்பு இதில் இல்லை. 2022 பிப்ரவரியில் வழக்கு. சலுகைக்குத் தகுதியானவர்கள் என்று தெரிந்தே பல்லாயிரம் பேரின் பில்களைக் கடன் வசூல் நிறுவனங்களிடம் தள்ளிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. நியாயமற்ற குற்றச்சாட்டு என்று பிராவிடன்ஸ் மறுத்தது.

(திரையில்: 15.78 கோடி டாலர்.)

2024 பிப்ரவரியில் சமரசம் ஏற்பட்டது. 34,052 பேருக்கு, கட்டிய பணம் வட்டியுடன் திரும்பியது. இரண்டு கோடி டாலருக்கு மேல். மேலும் 65,394 பேரின் 13.72 கோடி டாலர் கடன் ரத்து.

பெரிய வெற்றிதான். ஆனால் வழக்கு நிறுவனங்கள் மீதுதான் போடப்பட்டது. திரும்பிய பணமும் நிறுவனத்தின் பணம். அந்தக் கேள்வியை எழுதிக் கொடுத்த அறையில் இருந்தவர்களின் பையிலிருந்து ஒரு டாலரும் போகவில்லை. இதைப் பொறுப்புக்கூறல் என்று முழு மனதோடு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அமெரிக்காவில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்று. இலாப நோக்கற்ற மருத்துவமனையின் முதல் பில் வந்த நாளிலிருந்து 240 நாட்கள் வரை சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். பில் வசூல் நிறுவனத்திடம் போய்விட்டாலும், அந்தக் கெடுவுக்குள் வரும் விண்ணப்பத்தை மருத்துவமனை பரிசீலித்தே ஆக வேண்டும். கவுன்டரில் யாரும் சொல்லவில்லையென்றால், உதவிக் கொள்கையின் நகலை நீங்களே கேளுங்கள். அதை இலவசமாகக் கொடுப்பது அவர்களின் சட்டப்படியான கடமை.