திருப்புளி முதல் முறை நழுவும்போது

நேயர்களுக்கு வணக்கம்.

மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கி நிற்க ஒரு சின்னக் கிண்ணம் உண்டு. ஃப்ளோட் பவுல் என்போம். அதைக் கழற்றினால்தான் உள்ளே அடைத்துக்கொண்ட ஜெட்டுக்கு, அதாவது பெட்ரோல் போகும் சின்னத் துளையுள்ள பித்தளைத் துண்டுக்கு, கை எட்டும். பிடித்திருப்பது பெரும்பாலும் மூன்று நான்கு ஸ்க்ரூக்கள்தான். எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டுக் கழன்று வரும், கடைசி ஒன்று மட்டும் அசையாது. அழுத்தித் திருப்புவோம். திருப்புளி 'கிறுக்' என்று நழுவும்.

இன்றைக்கு நான் பேச வந்ததே அந்தச் சத்தத்தைப் பற்றித்தான். அதைக் கேட்டதும் யாருக்குமே ரோசம் வந்துவிடும். இன்னும் பலமாக ஒரு திருப்பு, இன்னொரு 'கிறுக்'. நாலு முறை நழுவினால் ஸ்க்ரூ தலையில் இருந்த பிளஸ் குறி வெறும் குழியாகிவிடும். முதல் நழுவலிலேயே கையை எடுத்துவிட்டால் அந்த ஸ்க்ரூவைக் கழற்ற ஏழெட்டு வழி இருக்கிறது. நாலாவது நழுவலுக்குப் பிறகு மிஞ்சுவது இரண்டோ மூன்றோதான்.

ஏன் நழுவுகிறது? பலர் கையில் பலம் போதவில்லை என்று நினைக்கிறார்கள். திருப்புளி பொருந்தவில்லை என்பதுதான் பெரும்பாலும் உண்மை. நாம் ஸ்டார் திருப்புளி என்று சொல்வது அமெரிக்கர் ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்ற வடிவம். ஜப்பானியத் தயாரிப்பான கெய்ஹின், மிகுனி கார்புரேட்டர்களில் வருவது ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர அளவு. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஆனால் பிலிப்ஸ் நுனி அந்தப் பள்ளத்தில் முழுதாக இறங்காது. அடியில் முட்டி நின்றுவிடும், இறக்கைகள் மேலோட்டமாகத்தான் பிடிக்கும். பல ஜே.ஐ.எஸ். ஸ்க்ரூக்களின் தலையில் ஓர் ஓரமாகச் சின்னப் புள்ளி இருக்கும். அது தெரிந்தால் அதற்கான திருப்புளியை வாங்குங்கள். 4 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு 2-ஆம் எண். பள்ளத்தில் காய்ந்த மண்ணை ஊசியால் கிளறி எடுத்துவிட்டு நுனியை வையுங்கள். மண்ணோடு வைத்தால் எந்தத் திருப்புளியும் நழுவத்தான் செய்யும்.

இன்னொரு காரணம் மரைக்குள்ளே இருக்கிறது. ஸ்க்ரூ இரும்பு. கார்புரேட்டர் உடம்பு அலுமினியம் அல்லது துத்தநாகக் கலவை. நடுவில் ஈரம் புகுந்தால் இரும்பைவிட எளிதில் வினைபுரியும் அலுமினியமும் துத்தநாகமும்தான் முதலில் அரிக்கும், வெள்ளையாக உப்புப் பூத்தது போல ஒரு தூள் உண்டாகும். அரித்துப்போன உலோகத்தைவிட அந்தத் தூளுக்கு இடம் அதிகம் வேண்டும். ஆப்பு அடித்தது போல மரையை இறுக்கிக்கொள்ளும்.

சரி, கையை எடுத்தாயிற்று. அடுத்து? கார்புரேட்டரை வண்டியிலிருந்து இறக்கி, பெட்ரோலை வடித்து, நன்றாகக் காயவிடுங்கள். வண்டியில் வைத்தே குனிந்து மல்லுக்கட்டினால் திருப்புளி கோணலாகத்தான் போகும். ஸ்க்ரூ தலையைச் சுற்றி ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். பத்து நிமிடத்தில் எண்ணெய் உள்ளே போகும் என்று எதிர்பார்ப்பது ஆசைதான்.

மறுநாள் கார்புரேட்டரை மரக்கட்டை மேல் வைத்து, திருப்புளியை நேராக ஊன்றி, அதன் பின்புறத்தில் சின்னச் சுத்தியலால் பத்துப் பன்னிரண்டு தட்டு. ஆணி அடிப்பது போல அல்ல, கதவைத் தட்டுவது போல. உள்ளே அந்த வெள்ளைத் தூள் நொறுங்கும். அடித்தால் தானே திரும்பும் இம்பாக்ட் டிரைவர் என்று ஒன்று இருக்கிறது. இன்ஜின் பக்கமூடிக்கு அது நல்ல கருவி, கார்புரேட்டருக்குப் பக்கத்தில் நான் அதை விடுவதில்லை. ஸ்க்ரூ வரும், கூடவே ஸ்க்ரூ இறங்கியிருக்கும் கார்புரேட்டரின் காதும் உடைந்து வரும்.

தட்டியும் வரவில்லையா, சூடு கொடுங்கள். இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், துத்தநாகக் கலவை அதற்கும் மேலே. துளை அகலும், ஸ்க்ரூ அவ்வளவு பருக்காது. முடி உலர்த்தும் கருவியோ வெந்நீரோ போதும். தீ மட்டும் வேண்டாம். காய்ந்துவிட்டது என்று நினைக்கிற கிண்ணத்தில் பெட்ரோல் ஆவி இருக்கும். மிதவை பிளாஸ்டிக்காக இருக்கலாம். துத்தநாகக் கலவையோ 400 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். சூடு இருக்கும்போதே முதலில் இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம். விடுபடும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். 'கிறுக்'குக்கும் 'டிக்'குக்கும் வித்தியாசம் தெரிந்தவர் பாதி மெக்கானிக்.

தலை ஏற்கெனவே போய்விட்டது என்கிறவர்களுக்கு: தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் வைஸ் கிரிப் என்ற பூட்டிக்கொள்ளும் குறடால் பக்கவாட்டில் கவ்விப் பிடித்துத் திருப்புங்கள், அல்லது ஹாக்ஸா பிளேடால் குறுக்கே ஒரு கோடு அறுத்து, பட்டைத் திருப்புளி போடுங்கள். எதற்கும் மசியவில்லை என்றால் எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. தலையை மட்டும் துளைத்து எடுத்துவிடுவது. 4 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு நாலரை மில்லிமீட்டர் டிரில் பிட், மெதுவான வேகம். தேய்ந்த பிளஸ் குழியே பிட்டை நடுவில் உட்காரவைக்கும். சற்று நேரத்தில் தலை ஒரு வளையமாகப் பிட்டோடு சுற்றும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். கிண்ணம் தானாக மேலே வரும், ஸ்க்ரூவின் உடல் சில மில்லிமீட்டர் துருத்திக்கொண்டு நிற்கும். தலை அழுத்திக்கொண்டிருந்த இறுக்கம் போய்விட்டதால், அவ்வளவு அடம் பிடித்தது பிளேயரில் பிடித்தால் சாதுவாகக் கழன்று வரும். சில சமயம் விரலுக்கே வந்திருக்கிறது.

ஈஸி அவுட் என்று ஒரு கருவியைச் சொல்வார்கள். உடைந்த ஸ்க்ரூவில் துளைபோட்டு, அதற்குள் இடப்பக்கமாகத் திருகி இழுப்பது. பெரிய போல்ட்டுக்குச் சரி. தொழிலுக்கு வந்த புதிதில் 4 மில்லிமீட்டர் ஸ்க்ரூவில் அதைப் போட்டு, உள்ளேயே முறித்துவிட்டேன். அது கடினப்படுத்திய எஃகு. சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கும். ஸ்க்ரூ ஒன்று மாட்டியிருந்த இடத்தில் இரண்டு மாட்டின. அந்த கார்புரேட்டருக்குப் பதில் வேறு வாங்கித்தான் கொடுத்தேன், கைக்காசில்.

பித்தளை ஜெட்டுக்கு ஒரு வார்த்தை. அது மென்மையான உலோகம். அதன் தலையிலுள்ள கோட்டின் முழு அகலத்தையும் நிரப்பும் திருப்புளி இல்லாமல் தொடாதீர்கள், ஓரம் பிய்ந்துவிடும்.

திரும்பப் பூட்டும்போது பழைய ஸ்க்ரூவைப் போடாதீர்கள். அதே நீளத்தில், தலையில் அறுகோணக் குழி உள்ள ஆலன் தலை ஸ்க்ரூ கிடைக்கும். மரை மறுபடி இறுகிப்போகாமல் தடுக்கும் ஆன்ட்டி சீஸ் பசையைத் துளி தடவி, இரண்டு விரலால் பிடித்து, நின்றதும் ஒரு சின்ன அழுத்தம். பிறகு பெட்ரோல் குழாயைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். கிண்ணத்தின் விளிம்பில் கசிந்தால் ஸ்க்ரூவை இன்னும் இறுக்க வேண்டாம். கழற்றி, ரப்பர் வளையம் அதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக அங்கேதான் அது மடங்கிக் கிடக்கும்.

நன்றி, வணக்கம்.